டி.வி. பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் எறும்புகள்!

திருவனந்தபுரம்:

இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் திருவனந்தபுரத்து வாடகை வீடுகளில் இரண்டு தொல்லைகள் ஒன்றாக வந்து சேரும். ஒன்று ஓட்டு ஒழுக்கு. அதற்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். மற்றது எறும்பு. சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பைப் பற்றிய பேச்சல்ல இது. ஸ்விட்ச் போர்டு, டி.வி. பெட்டி, மிக்சி, இன்டர்நெட் மோடம் என்று மின்சாரச் சாமான்களுக்குள்ளேயே முட்டையும் குஞ்சுமாகக் குடியேறிவிடும் எறும்பைப் பற்றிய பேச்சு. அதற்குத் துணையாகச் சின்னக் கரப்பானும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, வலியசாலை, கரமனை, மணக்காடு ஆகிய பகுதிகளில் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் பல பழைய காலத்துக் கட்டடங்கள். சாலைக் கடைத்தெருவோ, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. கீழே வெல்ல மூட்டையும் பழக்குலையும் பலசரக்கும் அடுக்கிய கடை, மாடியில் குடித்தனம். சுவரில் விரிசல், கூரையில் மரச்சட்டம், நாலு தலைமுறை வயரிங். எறும்புக்கு இதைவிட வசதியான ஊர் எங்கே கிடைக்கும்?

விஷயம் சிரிப்பதற்கு மட்டும் உரியதல்ல. தவணையில் வாங்கிய பிரிட்ஜ் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் பெறும். அதன் சர்க்யூட் போர்டு கெட்டுப்போனால் மெக்கானிக் கேட்கும் தொகையில் அரைப் பிரிட்ஜ் வாங்கிவிடலாம். அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து, எறும்பைக் கொல்லப் போய் மின்சாரத்தில் கை வைப்பதும், குழந்தை தூங்கும் அறையில் கண்ட மருந்தைத் தெளிப்பதும்.

ஏன் உள்ளே போகிறது?

மழை பெய்து மண் ஊறியதும் எறும்புப் புற்றில் தண்ணீர் நிறைகிறது. முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு அவை மேட்டைத் தேடி ஓடுகின்றன. எறும்புக்கு அப்போது வேண்டியவை மூன்று: ஈரமில்லாத இடம், இளஞ்சூடு, இடுக்கு. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது எங்கே? இரவும் பகலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் மோடத்தில். டி.வி.யை அணைத்த பிறகும் ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருக்கும் செட்-டாப் பெட்டியில். பிரிட்ஜின் பின்பக்கத்தில். இன்வெர்ட்டரில். துலாவர்ஷம் வேறு ஐப்பசியில் வந்து சேருவதால், இந்த ஊரில் எறும்புக்கு ஆண்டில் இரண்டு முறை வீடு மாற்றும் காலம்.

சுவருக்குள் போகும் பி.வி.சி. வயரிங் குழாய் அவற்றுக்குச் சுரங்கப் பாதை. மாடியில் மாமரக் கிளை தொட்டுக்கொண்டிருக்கும் சன்ஷேடில் ஏறி, வயர் நுழையும் துளை வழியாகக் குழாய்க்குள் புகுந்து, கீழே சமையலறை ஸ்விட்ச் போர்டில் வந்து இறங்கும். வீட்டுக்காரர் தரையெல்லாம் மருந்து தூவிக்கொண்டிருப்பார். எறும்பு தரைக்கே வருவதில்லை.

எறும்பு மின்சாரத்தை விரும்பித் தேடிப் போகிறது என்று பலர் சொல்வதுண்டு. இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. முதல் எறும்பு சூட்டுக்காகவோ வழி தவறியோதான் போகும். ஸ்விட்சுக்குள் இருக்கும் இரண்டு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவில் அது கால் வைத்ததும் 230 வோல்ட் பாய்கிறது. அந்த வேதனையில் அதன் உடம்பிலிருந்து ஒருவித வாடை கிளம்புகிறது. “ஆபத்து, ஓடி வாருங்கள்” என்று தன் இனத்துக்குக் கொடுக்கும் குரல் அது. உதவிக்கு வந்த எறும்புகளும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு அதே வாடையைக் கிளப்பும். கடைசியில் பிணக்குவியல் சேர்ந்து ஸ்விட்ச் அழுத்தினாலும் தொடாது, அல்லது தொட்டது விடாது. அமெரிக்காவில் நெருப்பெறும்புகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், அவை இவ்வாறு வாடைப் பொருள்களை வெளியிடுவதை 2002-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

ஊரில் பம்புசெட் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி நசுங்கி மோட்டார் ஓடாமல் போவதும், மூடியைக் கழற்றிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதும் அங்கே வழக்கமான காட்சி.

கம்ப்யூட்டரையும் பூச்சி விட்டதில்லை. 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ என்ற ராட்சதக் கணக்கு இயந்திரம் தகராறு செய்தது. உள்ளே பார்த்தபோது ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு பூச்சியோடு இன்றும் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் அதற்கும் முந்தியது. எடிசனே 1878-ல் அப்படி எழுதியிருக்கிறார். ரயில்வேக்காரர்களுக்கு ஒரு செய்தி: ஜப்பானில் 2018 மே மாதம் கியூஷு பகுதியில் மின்சாரம் நின்று 26 ரயில்கள் ரத்தாயின. சுமார் 12 ஆயிரம் பயணிகள் தவித்தார்கள். காரணம், தண்டவாளத்தருகே மின்சாரப் பெட்டிக்குள் புகுந்த ஒரே ஒரு ஓடில்லா நத்தை!

பேய் எறும்பு

சித்தெறும்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே இனமல்ல. மின்சாரச் சாமான்களில் கூடு கட்டுபவற்றில் மூன்று முக்கியம்.

முதலாவது, தலை மட்டும் கறுத்து, உடம்பும் காலும் கண்ணாடிபோல் வெளிறியிருக்கும் மிகச் சிறிய எறும்பு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வெள்ளைச் சுவரில் ஓடினால் தலைகள் மட்டும் நகர்வதுபோல் தெரியும். இங்கிலீஷ்காரர்கள் இதற்குப் ‘பேய் எறும்பு’ என்று பெயர் வைத்தது அதனால்தான். நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை அடிக்கும். காலிங்பெல் பொத்தானுக்குள் குடியேறுவதில் இது கெட்டிக்காரன். நள்ளிரவில் யாரும் இல்லாமல் மணி அடிக்கிறது என்று மந்திரவாதியைத் தேடுமுன், பொத்தானைக் கழற்றிப் பார்ப்பது செலவில்லாத காரியம். பேய் எறும்பு செய்த வேலையாகவே இருக்கும்.

இரண்டாவது, நெட்டைக் காலும் நீண்ட உணர்கொம்புமாகக் கறுப்பாக இருப்பது. வரிசையில் போகத் தெரியாமல் தாறுமாறாக ஓடும். ‘பைத்தியக்கார எறும்பு’ என்று இதற்குப் பெயர். பிள்ளையார் எறும்பு என்று சாதுவாக நினைத்துப் பலர் விட்டுவிடும் கூட்டத்தில் இதுவும் உண்டு. கடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மிக்சியின் மோட்டாருக்குள் ஐந்நூறு பேர் குடியிருந்தால் கடித்தால் என்ன, கடிக்காவிட்டால் என்ன?

இதன் தூரத்து உறவுக்காரன் ஒருவன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தையே ஆட்டி வைத்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பழுப்பு நிறப் பைத்தியக்கார எறும்பு அது. 2002-ல் ஹூஸ்டன் நகருக்கு அருகே பூச்சி மருந்துக்காரர் டாம் ராஸ்பெரி என்பவர் முதலில் கவனித்ததால் சில காலம் அவர் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர், ஏர்கண்டிஷனர், கிணற்று மோட்டார் எதையும் அது விடவில்லை. 2008-ல் அங்குள்ள விண்வெளி மையத்து வளாகத்திலும் காணப்பட்டது. நம் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ல் ஆட்டையும் மாட்டையும் அலறவைத்ததும் பைத்தியக்கார எறும்புதான். ஆனால் அது மஞ்சள் நிறத்து வேறு இனம்.

மூன்றாவது, மஞ்சளும் சிவப்பும் கலந்த இரண்டு மில்லிமீட்டர் எறும்பு. எகிப்து மன்னர்களின் பெயரால் ‘பாரோ எறும்பு’ என்பார்கள். ஆஸ்பத்திரிகளைக்கூட விடாத இது மூன்றிலும் மோசம். எப்படி என்று பார்க்கலாம்.

தெளித்தால் பெருகும்!

எறும்பைக் கண்டதும் ஸ்பிரே டப்பாவைத் தூக்குவதுதான் எல்லோருக்கும் பழக்கம். பாரோ எறும்பு, பேய் எறும்பு இரண்டிலும் ஒரு கூட்டத்தில் ஒரே ராணி இருப்பதில்லை, பல ராணிகள். மருந்து வாடை பட்டதும் கூட்டம் பிரிந்துவிடும். ஒரு ராணி, சில வேலைக்கார எறும்புகள், ஒரு பிடி முட்டை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஸ்விட்ச் போர்டில் இருந்த ஒரு கூடு பத்து நாளில் டி.வி.யில் ஒன்று, மோடத்தில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று மூன்றாகும். பணத்தைக் கொடுத்து எறும்பை வளர்க்கிற கதைதான்.

வேறு ஆபத்தும் உண்டு. ஸ்பிரே டப்பாவில் மருந்தைத் தள்ளுவதற்குத் தீப்பற்றும் வாயுவைத்தான் அடைப்பது வழக்கம். மின்சாரம் ஓடும் பெட்டியின் துளை வழியாக அதை அடித்தால், உள்ளே ஒரு சின்னப் பொறி போதும். பொறி இல்லாவிட்டாலும் மருந்தோடு வரும் எண்ணெய்ப் பசை சர்க்யூட் போர்டில் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும். சிலர் மண்ணெண்ணெயை ஊற்றுகிறார்கள். அதைப் பற்றி எழுதவும் பயமாக இருக்கிறது.

அந்துருண்டையை டி.வி.க்குப் பின்னால் போட்டு வைப்பது இன்னொரு வழக்கம். எறும்பு கொஞ்ச நாள் ஒதுங்கும். அடுத்த பெட்டிக்குப் போகும். நாப்தலின் வாடை கைக்குழந்தைகளுக்கு ஆகாது, குறிப்பாகப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒருவகை நொதிக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும் என்பது டாக்டர்கள் சொல்வது. பிளாக்கில் சொருகினால் காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கப்படும் கருவிகளையும் நம்ப வேண்டாம். அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2001-லேயே இவற்றைத் தயாரிப்போரும் விற்போருமான 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இத்தனை ஆண்டு கழித்தும் இங்கே விற்பனை நடக்கிறது.

கேரம் பவுடரில் வைத்தியம்

எறும்பை ஒழிக்க வேண்டுமானால் ராணியை ஒழிக்க வேண்டும். ராணி வெளியே வராது. ஆகவே அதன் சாப்பாட்டில்தான் விஷம் போய்ச் சேர வேண்டும். வேலைக்கார எறும்பு வயிற்றில் சுமந்துபோய் ராணிக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டும்வரை அது சாகவும் கூடாது. இந்தக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது.

போரிக் ஆசிட் பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கும். கேரம் போர்டில் காய் வழுக்குவதற்குத் தூவும் பவுடர் பெரும்பாலும் இதுதான். நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் போரிக் பவுடர் போட்டு நன்றாகக் கரைக்க வேண்டும். தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு போரிக் என்பது கணக்கு. “கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே” என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அதிகம் போட்டால் எறும்பு வழியிலேயே செத்து விழும்; ராணி சுகமாக இருக்கும்.

இந்தக் கரைசலில் பஞ்சை நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, எறும்பு போகும் வழியில் வைக்க வேண்டும். சாமானுக்கு உள்ளே அல்ல. அதன் மேலும் அல்ல. ஒரு முழம் தள்ளி, கவிழ்ந்தாலும் மின்சாரத்தில் படாத இடத்தில். முதல் இரண்டு நாள் எறும்பு கூடுதலாக வரும். வீட்டில் பெண்கள் பயந்துபோய்த் துடைத்துவிடுவார்கள், துடைக்கக் கூடாது. வரட்டும். பஞ்சு காயாமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை புதுக் கரைசல் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வரத்து நின்றுவிடும். இந்த நாட்களில் பக்கத்தில் ஸ்பிரேயோ சாக்பீஸ் கோடோ போட்டால் வைத்தியம் வீண். இனிப்பைத் தொடாத கூட்டமாக இருந்தால் தேங்காயெண்ணெயிலோ கடலை மாவிலோ கலந்து பார்க்கலாம்.

போரிக் பவுடர் விபூதியைப் போல வெள்ளையாக இருப்பதால் சமையலறையில் வைக்கவே கூடாது. வயிற்றில் போனால் மனிதருக்கும் விஷம். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் மூடியை உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

எறும்பு வரத்து நின்ற பிறகு, அது வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டால் வாடைக் கோடு அழிந்துபோகும். குழாய் வாய், சுவர் விரிசல் ஆகியவற்றைப் புட்டியால் அடைக்கலாம். சன்ஷேடைத் தொடும் கிளையை வெட்டுவதற்கு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும். அதுதான் இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான பாகம் என்கிறார்கள் வாடகைக்கு இருப்பவர்கள்.

ஸ்விட்ச் போர்டைத் திறக்குமுன்

ஸ்விட்ச் போர்டுக்குள் கூடு இருந்தால் ஒயர்மேன்தான் திறக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டால் போர்டில் கரண்ட் இல்லை என்று பொருளல்ல; ஸ்விட்சுக்கு முன்பக்கம் வரை கரண்ட் இருக்கும். மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது உடனே வேலையை எடுத்துக்கொண்டு அதே வயரில் 230 வோல்ட் கொடுக்கும். மெயினை அணைத்த தைரியத்தில் ஸ்க்ரூ டிரைவரைப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கூட்டைக் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுப்பது நல்லது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். எறும்பும் கண்ணில் விழும். கருகிப்போன ஸ்விட்சை மாற்றிவிடுவதே சிக்கனம்.

மழைக்காலத்தில் இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டிக்கொண்டு கட்டிவைப்பவர்கள் உண்டு. அது செய்யக் கூடாத காரியம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த கருவி அது. எங்கோ ஈரத்திலோ எறும்புக் குப்பையிலோ கரண்ட் கசிகிறது என்றே அதற்குப் பொருள். கசியும் இடத்தைத்தான் தேட வேண்டும். புகை வந்தால் மெயினை அணைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்ல வேண்டும். கம்பத்திலோ மீட்டரிலோ கோளாறு என்றால் மின்சார வாரியத்தின் எண் 1912.

டி.வி., மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றை வீட்டில் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். மைக்ரோவேவில் அது 2,000 வோல்ட்டைத் தாண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல். கெல்ட்ரான் டி.வி. காலத்துப் பெட்டியை இன்னும் துடைத்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிக்சி, மோடம், செட்-டாப் பெட்டி போன்றவற்றை மட்டும், பிளக்கைப் பிடுங்கி, மத்தியான வேளையில் திண்ணைக்குக் கொண்டுபோய், ஒரு வெள்ளைத் துணியின் மேல் மெல்லத் தட்டினால் கூட்டத்தில் பாதி வெளியே வந்துவிடும். சூடும் வெளிச்சமும் ஆட்டமும் எறும்புக்குப் பிடிக்காது. முட்டையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பும். வாரண்டி உள்ள சாமானின் ஸீலைக் கிழித்தால் வாரண்டி போய்விடும்.

பெயர்தான் ஜெர்மன்

இனிக் கரப்பான். கழிவறையில் பறக்கும் பெரிய கரப்பான் மின்சாரச் சாமான்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. வருவது, அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, வெளிறிய பழுப்பு நிறத்தில், கழுத்துப் பக்கம் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்னக் கரப்பான். இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். 1767-ல் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி அப்படிப் பெயர் வைத்துவிட்டார். பாவம், ஜெர்மனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைப் பிடித்து மரபணு ஆராய்ந்து 2024-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ பர்மாவிலோ மனிதரோடு குடியிருக்கப் பழகிய ஆசியக் கரப்பானின் சந்ததி இது. வியாபாரிகளோடும் படைகளோடும் மூட்டைக்குள் பயணம் செய்து உலகம் சுற்றிவிட்டு, ஜெர்மன் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

பிரிட்ஜின் பின்னால் அடியில், கம்ப்ரஸர் சூட்டில் காய்வதற்காக ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். பலர் வாங்கிய நாள் முதல் அதைப் பார்த்ததே இல்லை. கரப்பானின் குடிதண்ணீர்த் தொட்டி அதுதான். தண்ணீர் மட்டும் கிடைத்தால் சோறில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இரண்டுமே இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாண்டாது. ஆகவே இரவில் படுக்குமுன் தொட்டியைத் துடைத்து, ஈரத் துணியைக் காயப்போட்டு, மாதம் ஒரு முறை அந்தத் தட்டையும் கழுவி வைத்தால் பாதி வேலை முடிந்தது. இண்டக்ஷன் அடுப்பின் பொத்தான்களுக்குப் பின்னாலும், மைக்ரோவேவின் கடிகாரத்துக்குள்ளும், ரைஸ் குக்கரின் அடியிலும் இருப்பதும் இதே இனம். வயது வந்த கரப்பானுக்கு ஐந்து மில்லிமீட்டர் இடுக்கு போதும். குஞ்சுக்கு அதிலும் குறைவு. அதன் எச்சம் மழைக்கால ஈரத்தில் ஊறிச் சர்க்யூட் போர்டில் இருக்கும் செப்புக் கோடுகளை அரித்துவிடும்.

பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டை கொண்ட பையை வயிற்றோடு ஒட்டியபடியே சுமந்து திரியும். பையைத் துளைத்து மருந்து போகாது. அதனால்தான் “மருந்தடித்து ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது” என்ற புகார். இதற்கும் ஸ்பிரேயை விட ஜெல் நல்லது. ஊசிபோன்ற குழலில் விற்கும் ஜெல்லை மிளகளவு சின்னச் சின்னப் பொட்டாகப் பல இடங்களில் வைக்க வேண்டும். கதவுக் கீல், அலமாரி மூலை, பிரிட்ஜின் வெளிப்புறம் எல்லாம் நல்ல இடங்கள். சர்க்யூட் போர்டில் மட்டும் வைக்கக் கூடாது. தின்ற கரப்பான் மறைவிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவை சாகும். அருவருப்பான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்கிறது. மூன்று வாரம் கழித்து, புதிதாகப் பொரித்தவற்றுக்காக மீண்டும் ஒரு முறை வைக்க வேண்டும்.

ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைத்தால் தொடாமல் போவதும் உண்டு. இனிப்பான குளுக்கோஸ் கலந்த விஷத்தைத் தின்ற கரப்பான்களெல்லாம் செத்துப்போக, குளுக்கோஸையே கசப்பாக உணரும் ஒரு பரம்பரை பெருகிவிட்டதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1993-ல் கண்டு எழுதினார்கள். ஆகவே ஒரு கம்பெனியின் ஜெல் வேலை செய்யாவிட்டால் வேறு மருந்துப் பெயர் உள்ளதை வாங்கிப் பார்க்கலாம்.

டி.வி., கம்ப்யூட்டர் திரைக்கு உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நகரும் புள்ளி, பெரும்பாலும் ஈரப்பசையில் வாழும் புத்தகப் பேனாக இருக்கும். திரையை அழுத்தி நசுக்கப் பார்ப்பவர்கள் அதை நிரந்தரக் கறையாக்கிவிடுகிறார்கள். திரையை அணைத்து, இரவில் பக்கத்தில் வேறு விளக்கைப் போட்டு வைத்தால் தானாக வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. நெடுமங்காடு பக்கம் ரப்பர் தோட்டத்தருகே குடியிருப்போருக்குக் கோடை மழையோடு லட்சக்கணக்கில் வரும் முப்ளி வண்டுக்கும் விளக்கை அணைப்பதுதான் முதல் மருந்து. அதைக் கையால் நசுக்கினால் தோல் பொத்துப்போகும்.

மருந்து வாங்கும்போது

பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு நிறம் அச்சிட்டிருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைவு. 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி போடும் அடையாளம் இது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே நிறம். சிவப்பும் மஞ்சளும் வயலுக்குப் போகட்டும், வீட்டுக்குள் வேண்டாம். சீட்டு ஒட்டாத பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வாங்கக் கூடாது. ‘நுவான்’ என்ற பெயரில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பரணில் பழைய பாட்டில் இருந்தால் சமையலறைப் பக்கம் கொண்டுவர வேண்டாம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான் எத்தனை குடும்பங்களைப் பாழாக்கியது, 2011-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தடை செய்ய வேண்டி வந்தது என்பதெல்லாம் இந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய டி.வி.யும் பிரிட்ஜும் கை மாறி வாங்குவது நம்மவர்களில் அதிகம். ஒரு வீட்டுக் கரப்பான் அடுத்த வீட்டுக்குப் போவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். வாங்கும்போது பின்பக்கத் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்பது தெரியும். இருந்தால் அது கரப்பான் எச்சம்; விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வேறு பார்க்கலாம். வாங்கியாகிவிட்டது என்றால் நேரே கூடத்துக்குக் கொண்டுபோகாமல் வராந்தாவில் ஒரு வாரம் வைத்து, சுற்றிலும் பசை அட்டையும் ஜெல் பொட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது. பசை அட்டை கடையில் கிடைக்கும்; காலையில் எண்ணிப் பார்த்தால் உள்ளே எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.

பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது இங்கே புதிது வாங்கிவிட்டு, பழைய பெட்டியை நாகர்கோவிலுக்கோ தென்காசிக்கோ பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர்கள் அனுப்புமுன் இதையே ஒரு முறை செய்துவிடலாம். சாமானை மட்டும் அனுப்பினால் போதும். அது வந்த பழைய அட்டைப்பெட்டி வேண்டாம். அட்டையின் மடிப்புகளுக்குள்தான் குஞ்சுக் கரப்பான்கள் பயணம் செய்கின்றன.